சர்வீஸ் இடது கையில் தொடங்குகிறது
வாலிபால் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 15 வயது, உயரம் 154 செ.மீ. கையைக் கீழிருந்து வீசி அடிக்கும் அண்டர்ஹேண்ட் சர்வீஸ் பத்துக்குப் பத்தும் விழும். தலைக்கு மேலே அடிக்கும் ஓவர்ஹேண்ட் என்றால் சில பந்துகள் வலையில் அடிக்கின்றன, சில மேலே எழும்பி வலைக்கு முன்பே இறங்கிவிடுகின்றன. கைக்கு வலு வேண்டும் என்று மூன்று மாதமாகத் தண்டால் எடுக்கிறேன். மாற்றமே இல்லை. என் உடலுக்கு இது வராதா?

பதில்: வரும், மகளே. நன்றாகவே வரும். உன் கடிதம் முழுவதும் வலது கையைப் பற்றியே இருக்கிறது. பந்தைத் தூக்கிப் போடும் இடது கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீ சொன்ன இரண்டு தவறுகளையும் பார். பந்தை அளவுக்கு மீறி முன்னால் போட்டால், எட்டிப் பிடிக்கப் போகும் கை பந்தின் மேல்பாதியில் படும். பந்து வலையில் போய்ச் சேரும். தலைக்குப் பின்னால் போட்டால் முதுகை வளைத்து அடிப்பாய். பந்து மேலே எழும்பி, வேகமில்லாமல் இறங்கிவிடும். இரண்டுமே நடக்கிறது என்றால், உன் டாஸ், அதாவது அடிக்கும் முன் பந்தைத் தூக்கிப் போடுவது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது என்று பொருள். தண்டால் தோளுக்கு நல்லது, விட்டுவிடாதே. ஆனால் டாஸை அது திருத்தாது.

வலு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம். கடைக்கோட்டிலிருந்து வலைக்கு 9 மீட்டர். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். நீ கையை முழுதாக நீட்டி அடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் பந்தைத் தொடுவாய். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள். காற்றின் தடையை விட்டுவிட்டால் 0.6 வினாடியில் வலையை எட்டும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 1.75 மீட்டர் கீழே இழுத்துவிடும். எனவே பந்து சற்றே மேல்நோக்கிப் புறப்பட வேண்டும். அப்படிப் புறப்பட்டால் வலையைத் தாண்டி, எதிர்ப்பக்கக் கடைக்கோட்டுக்கு ஓரிரு மீட்டர் முன்னால் விழும். 260 முதல் 280 கிராம் எடையுள்ள பந்துக்கு இந்த வேகத்தைக் கொடுக்க உன் உடலால் முடியும், எல்லாம் சரியான வரிசையில் இயங்கினால்.

எனக்கு 16 வயதில் இதே தடுமாற்றம் இருந்தது. என் பயிற்சியாளர் பத்து நாட்களுக்குப் பந்தை அடிக்கவே விடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, டாஸ் மட்டும் போடச் சொன்னார். அப்போது கோபம் வந்தது. பதினோராவது நாள் அடித்த முதல் பந்து வலைக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுப் போனபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வட்டத்தைத்தான் முதலில் போடுகிறேன்.

நீயும் போடு. இடது காலை முன்வைத்து நில். வலது தோளுக்கு நேராக, இடது பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் வட்டம் இருக்கட்டும். இடது உள்ளங்கையில் பந்தை வைத்து, முழங்கையை மடக்காமல், தட்டை உயர்த்துவது போல உயர்த்திவிடு. விரல்களால் உருட்டிவிடாதே. நீ எட்டி அடிக்கும் உயரத்துக்கு மேல் ஒரு சாண் எழும்பினால் போதும். நிறையப் பேர் வானத்துக்கு வீசுகிறார்கள். உயரம் கூடக்கூட, இறங்கி வரும் பந்தை நேரம் பார்த்து அடிப்பது கடினமாகிவிடும். அடிக்காமல் கீழே விழ விடு. பத்தில் எட்டு வட்டத்துக்குள் விழும்வரை அடுத்த படிக்குப் போகாதே.

பிறகு அடி. பந்தைத் தூக்கும்போதே வலது முழங்கை காது உயரத்துக்குப் பின்னால் போயிருக்க வேண்டும், வில்லை இழுத்துப் பிடித்தது போல. பின்காலில் இருக்கும் எடை முன்காலுக்கு வரட்டும். முதலில் இடுப்பு திரும்பும், அதன்பின் தோள், கடைசியில்தான் கை. இந்த வரிசை கலைந்தால் கை மட்டும் தனியாக உழைக்கும்; உனக்கு இப்போது நடப்பது அதுதான். விரல்களை விரித்து, மணிக்கட்டைத் தளர விடாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடி. சரியாகப் பட்டால் கனமான, சுருக்கமான ஒரு சத்தம் கேட்கும். விரல்களில் பட்டால் சளப்பென்று கேட்கும். காதை நம்பு.

முதல் நாளே கடைக்கோட்டுக்குப் போய்விடாதே. வலையிலிருந்து 6 மீட்டரில் தொடங்கி, பத்தில் ஏழு தாண்டினால் ஓர் அடி பின்னால் போ. போட்டியில் நடுவர் விசில் அடித்த பின் உனக்கு 8 வினாடிகள் இருக்கின்றன. ஒரே ஒரு டாஸ்தான் அனுமதி. விசில் கேட்டதும் பதறி அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். மூச்சை இழுத்துவிட்டு, வட்டத்தை மனத்தில் பார்த்துவிட்டு, அதன்பின் தூக்கு.

கேள்வி: என் ஓவர்ஹேண்ட் சர்வீஸ் வேகமாகப் போகிறது, ஆனால் எதிரணி எளிதாக எடுத்துவிடுகிறது. புளோட்டர் சர்வீஸில் பந்து காற்றில் ஆடுமாமே, எனக்கு ஆடுவதில்லையே?

பதில்: உங்கள் பந்து சுழல்கிறது, அதனால்தான். சுழலும் பந்துக்குப் பாதை முன்கூட்டியே தெரியும். முன்னோக்கிச் சுழன்றால் சட்டென்று கீழே இறங்கும், அதுவும் நல்ல ஆயுதம்தான், ஆனால் ஆடாது. சுழலாத பந்தில் தையல் கோடுகளைச் சுற்றிக் காற்று ஒரே சீராக ஓடுவதில்லை. அந்தச் சீரின்மைதான் பந்தை இப்படியும் அப்படியும் தள்ளுகிறது.

டாஸிலேயே சுழற்சி இல்லாமல் பாருங்கள். காற்றடைக்கும் துளை உங்களைப் பார்த்தபடி மேலே போகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும். நடுவில் அடியுங்கள், அடித்தவுடன் கையை நிறுத்திவிடுங்கள். வீசித் தொடர்ந்தால் மணிக்கட்டு பந்தை உருட்டிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. குதித்து அடிக்கும் ஜம்ப் சர்வீஸ் பழக வேண்டும் என்று தினமும் 200 பந்துகள் அடிக்கிறான். தோள் வலிக்கிறது என்கிறான். வலியோடு பழகினால்தான் வலு வரும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடித்த பிறகு தசை அசந்திருப்பது வேறு, கையை உயர்த்தும்போது தோளுக்குள் குத்துவது வேறு. இரண்டாவது என்றால் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு பந்துகூட அடிக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகள் இன்னும் முழுதாக உறுதிப்படாதவை. 200 என்ற எண் எனக்கு அச்சமூட்டுகிறது.

ஜம்ப் சர்வீஸ் மேல் அவனுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரேசில் ஆண்கள் அணி அதை உலகத்துக்கே காட்டிய பிறகு, அந்த ஆசை இல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. வலி முழுதாகப் போய், மருத்துவரும் சம்மதித்த பிறகு, நின்றபடி அடிக்கும் சர்வீஸில் நாளுக்கு 30 பந்துகளுடன் தொடங்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வோடு. காத்திருக்கும் நாட்களில் அவன் கைக்கு வேலை வேண்டுமென்றால், மேலே சொன்ன வட்டத்தைப் போட்டுக்கொடுங்கள். டாஸ் போடுவது வலிக்காத அந்த இன்னொரு கைதானே.