எஞ்சின் விளக்கு எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். என்னுடையது 2015 மாடல் கொரொல்லா குவெஸ்ட், 1.6 பெட்ரோல். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு நாள் விடாமல் மழை பெய்த பிறகு மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறுகிறது, சூடானால் சரியாகிவிடுகிறது. பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது இரண்டு முறை விளக்கு விட்டுவிட்டு மின்னியது. ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. இப்போதைக்கு அந்த இரண்டையும் மாற்றாதீர்கள். மழை, காலை உதறல், மேட்டில் மின்னிய விளக்கு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் முதலில் இக்னிஷன் காயில் மீதும் ஸ்பார்க் பிளக் மீதும்தான் விழுகிறது.

விளக்கு நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு பழுது பதிவாகியிருக்கிறது என்று பொருள். வண்டி ஒழுங்காக ஓடினால் ஓரிரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடும். அதனால் மின்னும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள், மின்னுவது நிற்காவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். பழுது தீரும்வரை ஃபீல்ட்ஸ் ஹில் பக்கம் போகவே வேண்டாம்.

மழைக்கும் மேட்டுக்கும் இதில் என்ன தொடர்பு? காயில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தை, சிலிண்டருக்குள் பொறி தட்டும் பிளக்குக்கு அனுப்புகிறது. காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல் இருந்தால், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் விரிசல் வழியே எஞ்சினின் உலோகத்துக்கு ஓடிவிடும். எஞ்சின் சூடாகி ஈரம் காய்ந்ததும் உதறல் நின்றுவிடும். மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படுகிறது, பலவீனமான உறை மறுபடியும் கசியவிடுகிறது.

முதல் வேலை கோடு, அதாவது கார் கணினி பதிந்துவைத்திருக்கும் பழுதுக் குறியீடு, படிப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கம் 16 துளைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் படியுங்கள். ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவரும் ஸ்கேனர்தானா என்று கேட்டு வாங்குங்கள். வரும் எல்லாக் கோடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பழுது பதிவான நொடியில் எஞ்சின் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்பது அதில் இருக்கும். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தப் பதிவும் போய்விடும். படிக்காமல் அழிப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு.

பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் பழுது ஒரே சிலிண்டரில் இல்லை. வொர்க்‌ஷாப்காரர் சென்சார் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கலாம். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்சிஜனும் வெளியே வருகிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் அதைப் பார்த்துவிட்டுக் காற்று அதிகம் என்று உள்ளபடியே சொல்கிறது, பி0171 பதிவாகிறது. கன்வெர்ட்டரும் திணறினால் பி0420 சேர்ந்துகொள்ளும். கோடு எந்தப் பாகத்தைச் சொன்னாலும் அது அறிகுறி மட்டுமே. ஆகவே மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது) கோடு இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

பானெட்டைத் திறந்ததும் பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்குங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து காயில். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை நேராகத் தூக்கினால் வந்துவிடும். வரிசையாக நான்கு காயில்கள் தெரியும், பெல்ட் ஓடும் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றி, 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து, காயிலை லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். டார்ச் அடித்து குழிக்குள் பாருங்கள். தண்ணீர் நின்றால் காற்றடித்துக் காயவையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வண்டி கழுவும் இடங்களில் எஞ்சின் மீது பிரஷர் பைப் அடிக்க விடாதீர்கள், மழையைவிட அதுதான் அதிகத் தண்ணீரை உள்ளே தள்ளும். குழிக்குள் ஆயில் நின்றால், எஞ்சின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறிக் கெடும். ரப்பர் உறையில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடோ சாம்பல் நிறத் தடமோ இருந்தால் மின்சாரம் கசிந்த வழி அதுதான்.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் சோதிக்க வழி உண்டு. பி0302 வந்திருந்தால் இரண்டாம் காயிலை நான்காமிடத்திலும் நான்காவதை இரண்டாமிடத்திலும் போட்டு, கோடை அழித்து, மேடில்லாத சாலையில் ஓட்டுங்கள். இப்போது பி0304 வந்தால் காயில்தான் குற்றவாளி, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பி0302 அதே இடத்தில் நின்றால் பிளக்குகளை அதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) என்று போகும், அது வொர்க்‌ஷாப் வேலை. இரிடியம் பிளக்கின் ஆயுள் பொதுவாக 1,00,000 கிலோமீட்டர். இதுவரை மாற்றவில்லை என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள், ஸ்பேனர் போட்டு ஆரம்பித்தால் அலுமினிய மரை அறுந்துவிடும்.

மிஸ்ஃபயர் இல்லாமல் பி0171 மட்டும் வந்தால், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். குழாய் நன்றாக இருந்தால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவுங்கள். கம்பியைத் தொடக் கூடாது, கார்புரேட்டர் கிளீனர் ஆகாது.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். அது முக்கியமாக அமெரிக்க விதிமுறைக் கார்களுக்குப் பொருந்தும். அங்கே டேங்க் ஆவிக் கசிவைக் கார் தானே சோதிக்கும். ஐரோப்பிய விதிமுறைப்படி வரும் கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. நம் ஊரில் பெட்ரோல் கராஜில் வேலை செய்பவர்தான் மூடியை மூடுகிறார், கிளிக் சத்தம் கேட்டதா என்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் உதறலுக்கு அது காரணமாகாது.

பழுது தீர்ந்தபின் கோடை அழித்து, ஒரு வாரம் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுங்கள். நீங்கள் அழிக்காவிட்டாலும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தெரியாவிட்டால் பொதுவாக விளக்கு தானே அணைந்துவிடும். உதறல் போன பிறகும் பி0420 மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், எஞ்சினைச் சூடாக்கி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்துக்கொண்டு, ஸ்கேனரில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரின் வோல்ட்டைப் பாருங்கள். 0.6, 0.7 அளவில் பெரிதாக அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால், சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு அந்த வொர்க்‌ஷாப்பில் கன்வெர்ட்டர் விலை கேளுங்கள்.