பெட்டியில் 2000, மானில் எத்தனை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் பற்றித்தான், அதாவது லேசர் ஒளியை அடித்து, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் சொல்லும் கருவி. மொடல் பெயர் போடாமல் “நல்லதா?” என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கனடாவில் உள்ள மச்சான் மான் வேட்டைக்கு 2000 யார் (yard) தூரம் எடுக்கும் கருவி ஒன்று வாங்கப்போகிறார். சொல்லலாமா? (களுவாஞ்சிக்குடி)

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த 2000 ரோட்டுப் பலகை போல ஒளியைத் திருப்பி அடிக்கும் பொருளுக்கு. மரத்துக்கு அதில் பாதி சொச்சம், மானுக்கு அதையும் விடக் குறைவு, ஏனென்றால் உரோமம் ஒளியைச் சிதறடித்துவிடும், நடுவெயிலில் இன்னும் இறங்கும். மானில் 800 யார் கிடைத்தாலே நல்ல சாமான். விற்கிறவர்கள் பெரிய எண்ணை முன்னால் போட்டு மான் எண்ணை ஒளித்து வைப்பது எனக்குப் பல வருடக் கோபம். வாவிக்கரையில் நின்று நானே பழுது பார்த்த கருவிகளைச் சோதிக்கிறேன்: வெள்ளைப் பெயின்ட் அடித்த தோணிக்கு உடனே எண் வரும், அதே தூரத்தில் கறுப்புச் சட்டை போட்டவருக்கு வெறும் கோடு, தண்ணீருக்கு ஒன்றுமே வராது.

இன்னொன்று, கதிர் நூல் மாதிரிப் போவதில்லை, விரியும். விரிவு 2 மில்லிரேடியன் (கோண அளவு) என்றால் 500 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம். மான், முன்னால் நிற்கும் புல், பின்னால் உள்ள மேடு எல்லாம் அதற்குள் வந்துவிடும். மூன்று தரம் அழுத்தட்டும், மூன்றும் ஒத்து வந்தால்தான் அது தூரம். 500 மீட்டரில் 40 மீட்டர் பிசகினால் ரவை ஒரு சாண் மேலே கீழே போகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டு, மான் பற்றைக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். அது பாவம், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மலைச்சரிவு என்றால், சரிவுத் தூரத்தைக் கிடைத் தூரமாக மாற்றிச் சொல்லும் சாய்வுக் கணக்குப் போடும் மொடல் வேண்டும். 30 பாகைச் சரிவில் 400 மீட்டரைக் கிட்டத்தட்ட 345 என்று எடுத்துத்தான் சுட வேண்டும். சரி, மச்சான் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து இங்கே மான் தேடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் மானுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

வட்டைக் (வயல்) காவலுக்கு, யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்கலாமா? (பொத்துவில்)

தாராளமாக. யானை பெரிய உடம்பு, 600 மீட்டர் கருவி போதும். ஆனால் உள்ளே கறுப்பு எழுத்துக் காட்டும் மலிவு மொடல் இருட்டில் தெரியாது, சிவப்பு வெளிச்ச எழுத்து உள்ளதை எடுங்கள். பற்றைக்குப் பின்னால் நின்றால் கடைசிப் பொருளைப் படிக்கும் முறையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் இலையின் தூரத்தைத்தான் சொல்லும். இங்கேயும் மூன்று தரம் அழுத்துங்கள். எண் வரவில்லை என்று பரணை விட்டு இறங்கிக் கிட்டப் போகாதீர்கள் தம்பி.

கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் பாதி விலை. அது போதாதா?

கோல்ஃபில் கொடி முன்னால் நிற்கும், அதனால் அது கிட்டே உள்ளதைப் பிடிக்கும். காட்டில் நமக்கு வேண்டியது தூரத்தில் உள்ளது. தூரத்தில் உள்ளதைப் பிடிக்கும்படி மாற்றும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இதை வைத்து வளவு அளந்து வேலி போடலாமா?

கூடாது. ஒரு மீட்டர் முன்பின் காட்டும், பக்கத்து வளவுக்காரருடன் வழக்கு வரும். நாடாவை இழுங்கள்.

வாங்கி நாலு மாதம்தான், உள்ளே சிலந்தி வலை போல மங்கலாக இருக்கிறது. கழற்றித் துடைக்கவா?

கழற்ற வேண்டாம்! ஈரம் சேராமல் நைட்ரஜன் வாயு அடைத்த கருவியென்றால் திறந்த அன்றோடு அந்த வாயு போய்விடும். உள்ளே தெரியும் அந்த மங்கல் பூஞ்சணம். மாரி காலத்தில் ஈரத்தோடு தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினால் வரத்தான் செய்யும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பை, பாவிக்காத மாதங்களில் பட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். உறையைத் தனியே வெயிலில் போடுங்கள், கருவியை வெயிலில் வைக்காதீர்கள்.