மாமாவைப் போய் வெறும் கல் என்பதா?

கேள்வி: சிறு வயதில் அம்மா நிலாவைக் காட்டித்தான் சோறூட்டினார். அங்கே பாட்டி வடை சுடுகிறாள் என்று நம்பினோம். மனிதன் போய் இறங்கி, அது வெறும் கல்லும் தூசியும்தான் என்று காட்டிவிட்டான். நம் கற்பனையைக் கொன்றதைத் தவிர இந்த ஆராய்ச்சியால் என்ன கண்டோம்?
- ஒரு வாசகர், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: 'வெறும் கல்' என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐயா. 1969 முதல் 1972 வரை 12 பேர் நிலவில் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். சோதித்துப் பார்த்தால், அந்தக் கற்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளின்) விகிதம் பூமியின் கற்களில் இருப்பதைப் போலவே இருந்தது. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியின்மேல் மோதியது, சிதறியது திரண்டு நிலவானது என்பதுதான் இன்று அறிவியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நம் பாட்டிமார் நிலவை அம்புலி மாமா என்றார்கள். பூமியைத் தாய் என்கிறோம். அந்தத் தாயோடு இரத்த உறவுள்ளவரை மாமா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? பாட்டிமார் ஐசோடோப்பு அறிந்து சொல்லவில்லை. ஆனால் அந்த உறவு உண்மை என்று நமக்குக் காட்டியது, நீங்கள் குறைசொல்லும் அதே கல்தான்.

இன்னொன்று கேளுங்கள். இஸ்ரோ தன் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான் அதைச் செய்தார்கள். நம்மில் எத்தனை பேருக்குச் சேலமும் நாமக்கல்லும் தாத்தா ஊர்!

பினாங்கில் ஆண்டுதோறும் சீனர்களின் மூன்கேக் பண்டிகையைப் பார்க்கிறீர்கள். அந்தப் பண்டிகைக் கதையில் வரும் நிலா தேவதை சாங்-எ. சீனா தன் நிலவுக் கலங்களுக்கு அவள் பெயரையே வைத்தது. 2013இல் அங்கே ஓடிய வண்டிக்கு அவளுடைய முயலின் பெயர். 2024இல் சாங்-எ 6, நிலவின் மறுபக்கத்து மண்ணை முதன்முறையாகப் பூமிக்குக் கொண்டுவந்தது. கற்பனை செத்திருந்தால் இந்தப் பெயர்களை யார் வைத்திருப்பார்கள்?

நம் பிள்ளைகள் இன்று வடை சுடும் பாட்டியைத் தேடுவதில்லை. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதற்கு ராக்கெட்டைக் குறைசொல்லாதீர்கள். கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டுவது நாம்தான்.

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அடுத்த முறை பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும்போது பேரப்பிள்ளையைத் தூக்கி நிலவைக் காட்டுங்கள். முதலில் பாட்டி இருக்கட்டும். அப்புறம், நிலவில் தெரியும் கருந்திட்டுகள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு என்றும், அவற்றில் ஒன்றில்தான் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தார் என்றும் சொல்லுங்கள். எந்தத் திட்டு என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். அதன் பெயர் அமைதிக் கடல்.