இன்ஜின் போர் வேலை முடிந்த பைக்கில் ஒகேனக்கல் போகலாமா?

நண்பரே, போர் போட்டு (அதாவது தேய்ந்த இன்ஜின் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து) பிஸ்டன் ரிங் மாற்றி இரண்டே நாள் ஆன பைக்கில், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர்தான். ஒரே வேகத்தில் விரட்டத் தோன்றும் நாற்கரச் சாலையைவிட, கியர் மாறிக்கொண்டே இருக்கும் இந்தச் சாலை புது ரிங்குக்கு நல்லது.

முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்காதீர்கள். அதற்காக டாப் கியரில் முப்பதில் உருட்டவும் வேண்டாம். மெக்கானிக் "மெதுவா ஓட்டு" என்றால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இன்ஜின் திணறுவதும் கெடுதல்தான். பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.

பென்னாகரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது குனிந்து பாருங்கள். போர் வேலை முடிந்து நான் முதல்முறை போனபோது அங்கேதான் கருகல் வாசனை வந்தது. சிலிண்டரின் மூடியான ஹெட் ஓரத்தில் ஆயில் முத்து முத்தாகக் கசிந்து சைலன்சர் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு போல்ட்டைக் கையால் திருகியதோடு விட்டிருந்தார்கள்! அதனால் ஸ்பேனர் செட் பையில் இருக்கட்டும்.

அதற்கப்புறம் காட்டு வழியே இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள், கியரிலேயே இறங்குங்கள். திரும்பும்போது அதே சாலை ஏற்றம், இன்ஜினுக்கு வேலை அப்போதுதான். குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, ஆயில் அளவு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நண்பர்கள் முந்திப் போனால் போகட்டும், சரியா?