ரிட்டயர் ஆயிட்டா உக்காந்தே இருக்கணுமா?

கேள்வி: எனக்கு வயசு 67. கடைக்குப் போறேன்னு செருப்பு மாட்டினாலே பையன் "சும்மா உக்காருங்கப்பா, விழுந்து வெச்சா யாரு பாக்கறது"ங்கறான். என்ன பண்ண?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பையன் பயம் நியாயம்தான் சார், ஆனா மருந்துதான் தப்பு, உக்காந்தே இருந்தா தொடைத் தசை கரைஞ்சு போய் அப்பதான் விழற சான்ஸே ஜாஸ்தி. உலக சுகாதார நிறுவனம் 65 தாண்டினவங்களுக்கு சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை மாதிரி மிதமான உழைப்பு, அதோட தசைக்கும் பேலன்ஸுக்கும் தனியா பயிற்சி. கை ஊனாம நாற்காலில இருந்து எந்திரிச்சு உக்காருங்க, கிச்சன் மேடையப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க, பல்லு விளக்கறப்பகூட பண்ணலாம். பிபி, சுகர், முட்டி வலின்னு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

உங்க பக்கத்து ஊர் கோயம்புத்தூர்லயே பாருங்க, நானம்மாள் பாட்டி 90 தாண்டியும் யோகா சொல்லிக் குடுத்தாங்க, 2018ல பத்மஸ்ரீ. மேட்டுப்பாளையம் பக்கம் பாப்பம்மாள் பாட்டி, இயற்கை விவசாயம், 100 தாண்டியும் காட்டுல இறங்கினவங்க, அவங்களுக்கு 2021ல. (நம்ம வீட்ல அந்த வயசுல தண்ணி மோந்து குடிக்கக்கூட விடறதில்ல!)

கேள்வி: பேத்தியோட ஷட்டில் ஆடினா தெருவே சிரிக்குதே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சிரிக்கட்டும்மா. நல்ல கிரிப் ஷூ போட்டுக்கோங்க, ஈரத் தரைல மட்டும் ஆடாதீங்க.