ஆர்கானிக் அரிசி மூட்டையா, கீரைக்கட்டா?

கேள்வி: பல்லடத்தில் வசிக்கிறோம். கணவர், மாமியார், 7 வயது மகன், 3 வயது மகள் என வீட்டில் ஐந்து பேர். ஆர்கானிக் பொருள்களுக்காக மாதம் 1,500 ரூபாய்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும். 25 கிலோ ஆர்கானிக் பொன்னி அரிசிக்கே அதில் 1,000 ரூபாய் போய்விடுகிறது. மீதியில் ஆர்கானிக் சர்க்கரையும் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் வாங்குகிறேன். காய், கீரை, பழமெல்லாம் வழக்கம்போல் தள்ளுவண்டியிலும் மார்க்கெட்டிலும்தான். எதை முதலில் மாற்றுவது? நன்றாகக் கழுவினால் போதாதா? பாலையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, பல்லடம்

பதில்: சகோதரி, அரிசி மூட்டைக்குப் போகும் அந்த 1,000 ரூபாயைத்தான் முதலில் இடம் மாற்ற வேண்டும். அதிகம் சாப்பிடுவது அரிசிதானே, அதை முதலில் சுத்தமாக்குவோம் என்று பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நெல்லுக்கும் மருந்து அடிக்கத்தான் செய்கிறார்கள்; குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் விடுவதில்லை. ஆனால் பூத்த பிறகு நெல் முற்றி அறுவடையாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகும் மிச்சமிருப்பது பெரும்பாலும் உமியிலும் தவிட்டிலும்தான் தங்கும், அவை இரண்டும் மில்லிலேயே போய்விடுகின்றன. கைக்குத்தல் அரிசியோ தவிடு நீக்காத அரிசியோ வாங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. அதை ஆர்கானிக்காக வாங்குவதில் நியாயம் இருக்கிறது. தீட்டிய வெள்ளைப் பொன்னிக்கு அவ்வளவு பணம் வேண்டாம்.

ஆர்கானிக் பிஸ்கட்டையும் சர்க்கரையையும் இந்த மாதமே நிறுத்திவிடுங்கள். ஆர்கானிக் என்றாலும் பிஸ்கட்டில் இருப்பது மாவும் சர்க்கரையும் கொழுப்பும்தான்.

பணம் போக வேண்டிய இடம் காய்கறிக் கூடை. அங்கேயும் எல்லாவற்றுக்கும் அல்ல. கடைசியாக மருந்து பட்ட நாளுக்கும் உங்கள் அடுப்புக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கும், தோலைச் சீவி எறிகிறோமா தோலோடு சாப்பிடுகிறோமா, பிள்ளைகள் அதை எவ்வளவு அடிக்கடி தின்கிறார்கள்: இதை வைத்தே ஒவ்வொரு பொருளையும் எடை போடலாம்.

வெண்டைக்காயைப் பாருங்கள். விட்டால் முற்றிவிடும் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கிறார்கள். மருந்து அடித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும். சிலவற்றுக்குச் சில நாள், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கும் செடியில் ஒரு வாரம் காத்திருந்தால் மூன்று பறிப்பு வீணாகும். அதைத் தாங்கும் நிலையில் எத்தனை விவசாயிகள் இருக்கிறார்கள்? கத்தரியிலும் இதே சிக்கல், இன்னும் கடுமையாக. காய்த்துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்ததும் காய்க்குள் புகுந்துவிடும். உள்ளே போனபின் மேலே அடிக்கும் மருந்து எட்டாது. அதனால் புழு வரும் முன்பே, வாரம் தவறாமல் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பச்சை மிளகாய், பீன்ஸ், பாகல் எல்லாம் சில நாளுக்கு ஒருமுறை பறிக்கும் ரகம்தான். காலிஃபிளவரின் பூ இடுக்கில் புழு ஒளிந்துகொள்வதுபோல் மருந்தும் தங்கிவிடும்.

கீரைக்கு விதைப்பிலிருந்து அறுப்புவரை மொத்தமே 25 நாள் அளவுதான். இலை ஓட்டை விழுந்தால் கட்டு விலை போகாது. பாதியில் அடித்த மருந்துக்குக் கரைந்துபோக அவகாசமே இல்லை, இலைக்குச் சீவி எறியத் தோலும் இல்லை. கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை மூன்றையும் இதே வரிசையில் வையுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் மருந்து எச்சத்தோடு திரும்பத் திரும்பச் சிக்கியவற்றில் கறிவேப்பிலையும் புதினாவும் உண்டு. பழங்களில் முதலிடம் திராட்சைக்கு. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்று கொடிக்கு மாறி மாறி மருந்து; குலைக்குள் அது வழிந்து தங்கும்; குழந்தை அப்படியே வாயில் போடும். அடுத்து ஆப்பிள், கொய்யா, தக்காளி.

மாறாக வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி, மாதுளை, தேங்காய், பலா, வாழைக்காய், பூசணி, சேனை, வெங்காயம், பூண்டு இவற்றுக்கு ஆர்கானிக் விலை கொடுக்காதீர்கள். தோலோ மட்டையோ ஓடோ போய்விடுகிறது. சின்ன வெங்காயத்துக்கு மருந்து குறைவில்லை என்றாலும் நாம் இரண்டு மூன்று அடுக்கு உரித்துத்தான் போடுகிறோம். உருளையையும் கேரட்டையும் தோல் சீவினால் போதும். முட்டைக்கோஸில் மேலிலை மூன்று நான்கை எடுத்துவிடுங்கள். ராகி, கம்பு, சாமை, வரகு பெரும்பாலும் மானாவாரியில் விளைபவை, பூச்சித் தொல்லையும் மருந்தும் குறைவு. சாதாரண ராகியைக் கல் நீக்கிக் கழுவிக் காயவைத்து அரைத்தாலே மகளுக்கு நல்ல கூழ் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘மருந்து அதிகமுள்ள 12 பொருள்கள்’ பட்டியலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அது அமெரிக்கச் சந்தைப் பொருள்களின் சோதனையிலிருந்து எடுத்தது. ஸ்ட்ராபெர்ரியும் கேல் கீரையும் அங்கே முன்வரிசையில் நிற்கும். நம் வெண்டைக்கும் கறிவேப்பிலைக்கும் அதில் பதில் கிடையாது.

பலர் கவனிக்காமல் விடுவது மசாலா. மாதத்துக்கு அரைக் கிலோ வரமிளகாய், அரைக் கிலோ மல்லி, 100 கிராம் மஞ்சள், 100 கிராம் சீரகம் போதும் உங்கள் வீட்டுக்கு. இலைப்பேனுக்கும் சிலந்திப்பூச்சிக்கும் பயந்து மிளகாய்க்கு அடிக்கும் மருந்து கொஞ்சநஞ்சமல்ல, காய்ந்தபின் அது வற்றி அடர்ந்துவிடும். வாங்கும் அளவு சிறிது என்பதால் ஆர்கானிக்குக்கு மாறினாலும் கூடுதல் செலவு பெரிதாக வராது. முழுதாக வாங்கி மில்லில் கொடுத்து அரையுங்கள். மஞ்சளைப் பொடியாக வாங்கவே வேண்டாம். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி அதில் உண்டு. பளபளவென்று மெருகேற்றாத விரலி மஞ்சளே நல்லது.

உங்கள் 1,500 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். இது கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கு மட்டுமான மாதிரிக் கணக்கு; உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வாரம் 4 கட்டுக் கீரை, கட்டுக்கு 15 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் 240. புதினா, கொத்தமல்லிக்கு 80. வெண்டை, கத்தரி, பீன்ஸ், பச்சை மிளகாய் சேர்த்து வாரம் 3 கிலோ, கிலோவுக்கு 35 என்றால் 420. மசாலாவுக்கு 200. தக்காளி, கொய்யா 8 கிலோவுக்கு 240. திராட்சை 2 கிலோவுக்கு 160. மொத்தம் 1,340 ஆகிறது. மீதியைத் தோலோடு வேகவைக்கும் முழுப் பாசிப்பயறுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் முக்கியம்: ஆர்கானிக் கிடைக்கவில்லை என்பதற்காகக் காயின் அளவைக் குறைத்துவிடாதீர்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மருந்துக்குப் பயந்து காயைக் குறைப்பது அதைவிடப் பெரிய கெடுதல்.

இந்த மாற்றத்தால் உடம்பில் எதுவும் மாறுமா என்ற சந்தேகம் வரலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 23 குழந்தைகளுக்கு ஐந்து நாள் ஆர்கானிக் உணவு கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள்; 2006-ல் முடிவு வெளியானது. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் மருந்துகளின் சுவடு உடனே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. இதனால் பிற்காலத்தில் இன்ன நோய் வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட அதிகம் உண்பது 3 வயதுக் குழந்தைதான். அதனால் உங்கள் மகள் பச்சையாகத் தின்னும் பொருள்களை முன்னால் வைப்பதே சரி.

கறிவேப்பிலையை விலைக்கு வாங்கவே தேவையில்லை. ஒன்றரை அடி ஆழத்தொட்டி, அடியில் துளை, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் சமமாக. ஐந்து மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் இரண்டு செடி வையுங்கள். அவசரப்பட்டு இலையை உருவுவதால்தான் பல வீடுகளில் செடி நோஞ்சானாகிறது. முதல் ஆறு மாதம் நுனியை மட்டும் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். பிறகு ஈர்க்கை மட்டும் உருவாமல் கிளையோடு ஒடித்தால் மறுபடி தழைக்கும். துளிரில் பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். மாமியாருக்குத் தெரிந்திருக்கும், புளித்த மோரும் ஊற்றலாம்.

கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அரை நிமிடம் குழாயில் காட்டினால் தூசியும் கொஞ்சம் மருந்தும் போகும். மேல்தோலில் ஒட்டியிருப்பதை எடுக்கச் சமையல் சோடா நல்லது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது தலைதட்டி இரண்டு டீஸ்பூன். 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்துக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துப் பார்த்த அளவு இது. அதே சோதனையில் ஒரு மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கியிருந்தது. அதைச் சோடாவாலும் எடுக்க முடியவில்லை. இமிடாகுளோபிரிட், அசிபேட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடே ஓடும். எனவே கழுவினால் எல்லாம் போய்விடும் என்று இருந்துவிட முடியாது. கறிவேப்பிலை, புதினா, மல்லிக்கு லிட்டருக்கு 20 கிராம் புளி கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம், பிறகு இரண்டு மூன்று தண்ணீர். எதையும் நறுக்கும் முன் கழுவ வேண்டும். திராட்சையைக் குலையோடு முக்காமல், ஒவ்வொரு பழத்திலும் காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி கத்தரிக்கோலால் வெட்டிப் போடுங்கள். பிய்த்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகும். பழத்தின் மேல் சீராகப் படிந்த சாம்பல் பூச்சு திராட்சையின் சொந்த மெழுகு. அதைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த வெள்ளைத் திட்டுதான் மருந்துக் கறை. பாத்திரம் கழுவும் சோப்பு எதற்கும் வேண்டாம்.

பாலுக்கு வருவோம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. பெரிதாகச் சிக்கியது அஃப்ளாடாக்சின் எம்1, 5.7 சதவீத மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. அதில் முன்னால் நின்ற மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஈரத்தில் வைத்த கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்து, மாட்டின் வழியாகப் பாலில் இறங்கும் நஞ்சு இது. காய்ச்சினாலும் போகாது. ஆர்கானிக் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், இந்தத் தொகைக்குள் பாலை மாற்றுவது வீண். பால்காரர் தெரிந்தவர் என்றால் தீவனத்தை எங்கே அடுக்குகிறார் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். செக்கு எண்ணெயிலும் இதே கவனம் தேவை. செக்கில் ஆட்டியது என்பதாலேயே அது ஆர்கானிக் ஆகிவிடாது. சுருங்கிய, பூசணம் பிடித்த கடலையை ஆட்டினால் அந்த நஞ்சு எண்ணெயிலும் வரும். கடலையை நீங்களே பொறுக்கிக் கொடுத்து ஆட்டுவது நல்லது.

பாக்கெட்டில் வாங்கினால் ‘ஜைவிக் பாரத்’ போன்ற அரசின் ஆர்கானிக் முத்திரையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ‘நேச்சுரல்’, ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ எதுவும் சான்றிதழ் ஆகாது. பிஜிஎஸ் என்பது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் சான்று; அதில் ‘பிஜிஎஸ் இந்தியா கிரீன்’ என்றிருந்தால் அந்த நிலம் இன்னும் ஆர்கானிக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முழு ஆர்கானிக் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். சிறு விவசாயி நேரில் விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை. உழவர் சந்தையில் எல்லாமே ஆர்கானிக் அல்ல என்றாலும் விளைவித்தவரிடமே கேட்க முடியும். “ஆர்கானிக்கா?” என்று கேட்காதீர்கள், “ஆமாம்” என்பார்கள். “கத்தரிக்குப் புழு வந்தா என்னண்ணா பண்றீங்க, கடைசியா எப்ப அடிச்சீங்க?” என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, புழு விழுந்த நுனியைக் கிள்ளி அழிப்பது என்று பேச்சு நீண்டால், கூடையில் ஓட்டைக்காய் நாலு கலந்திருந்தால், அவரிடம் தொடர்ந்து வாங்கலாம். ஒன்றுமே அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு ஆண்டு முழுக்க ஒரு துளைகூட இல்லாத கத்தரியைக் கொட்டி வைத்திருந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.