கொடுக்கல் வாங்கல் வழக்கு: எந்த நீதிமன்றம்?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். கோவை பில்டர் ஒருவர் 2,75,000 ரூபாய் பாக்கி வைத்து ஓராண்டாகிறது. வியாபார வழக்குகளுக்கான வணிக நீதிமன்றம் போக வழக்கின் மதிப்பு குறைந்தது 3 லட்சம் வேண்டுமாமே?

வேண்டும். ஆனால் அசலை மட்டும் பார்க்காதீர்கள். வழக்குத் தாக்கல் செய்யும் நாள்வரை ஏறிய வட்டியும் மதிப்பில் சேரும். ஆர்டரில் 12 சதவீத வட்டி என்றிருந்தால் ஓராண்டுக்கு 33,000, மொத்தம் 3,08,000. போதும். (2018 வரை இந்த வரம்பு 1 கோடி. சிறு பட்டறைக்காரருக்கு எட்டாத வாசல் அது.) பணத்தைக் காரைக்குடியில் தரவேண்டும் என ஆர்டரில் இருந்தால், கோவைக்கு அலையாமல் சிவகங்கை மாவட்டத்திலேயே தொடரலாம்.

நேரே வழக்குப் போட்டுவிடாதீர்கள், நிராகரித்துவிடுவார்கள். அவசர இடைக்கால நிவாரணம் (தீர்ப்புக்கு முன்பே தடை உத்தரவு போன்றது) கேட்காத வழக்கில், முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 1,000 ரூபாய் கட்டிச் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்டர் வராவிட்டால் சமரசம் தொடங்கவில்லை என்ற அறிக்கையை வாங்கி வழக்கோடு வையுங்கள். சமரசத்தில் கழியும் நாட்கள், வழக்குப் போடுவதற்கான 3 ஆண்டுக் காலவரையறையில் சேராது. ஆர்டர், டெலிவரி சலான், பாக்கியை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி எல்லாம் முதல் நாளே உள்ளே போகட்டும். பிறகு கொண்டுவந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது.

கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை ஹோட்டலுக்குக் குத்தகை விட்டோம். 18 லட்சம் பாக்கி. வீடுதானே, சிவில் கோர்ட்தானே?

அந்த வீடு இப்போது எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி. ஹோட்டல் நடக்கிறது என்றால் வணிக நீதிமன்றம். ஒப்பந்தம் மட்டும் போட்டுப் பூட்டிக் கிடந்தால் பொருந்தாது. உச்ச நீதிமன்றத்தின் அம்பாலால் சாராபாய் வழக்கில் 2019-ல் தீர்ந்த விஷயம் இது. வீட்டின் இரண்டாம் கட்டு (உள்பகுதி) மட்டும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) விசேஷத்துக்கும் உங்களிடமே இருக்கிறதா? முழுக்க வணிகத்துக்குப் பயன்படவில்லை என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கட்டு யாருக்கு என்று பத்திரத்தில் பிரித்து எழுதியிருக்கிறதா பாருங்கள். காலி செய்யச் சொல்லும் வழக்கு வேறு: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் பொருந்தும் இடமென்றால் வாடகை நீதிமன்றம்.

பங்காளிக்குப் புரோநோட்டில் 10 லட்சம் கொடுத்தேன். இதுவும் வணிக வழக்கா?

இல்லை. அது கைமாற்று. தொகை எவ்வளவானாலும் சாதாரண சிவில் நீதிமன்றம்தான்.

வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 95 நாளாகிறது. இன்னும் எதிருரை (வழக்குக்கு எழுத்துமூலப் பதில்) போடவில்லை.

கெடு 30 நாள். அதன்பின் காரணம் ஏற்கப்பட்டு, செலவுத்தொகை கட்டினால் 120 நாள்வரை. 121-ஆம் நாள் நீதிபதி நினைத்தாலும் வாங்க முடியாது. சாதாரண வழக்கில் 90 நாள் தாண்டியும் இளகிக் கொடுக்கும் வழக்கத்தை இங்கே நம்பாதீர்கள். மிச்சம் 25 நாள். கால நீட்டிப்பு மனு, எதிருரை, அதில் சொன்னது உண்மை என்ற உறுதிமொழி மூன்றையும் இந்த வாரமே ஒன்றாகத் தாக்கல் செய்யுங்கள்.